சகுணா கற்ற கல்வி

சேலம் நகரின் வடபால் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அடிவாரத்தினின்று ஏற்காடு செல்லும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது. ஏற்காட்டைச் சூழ்ந்த மலைப்பகுதியில், காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் செறிந்த சரிவுகளினிடையே, மாரமங்கலம் முதலிய சிற்றூர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்களில் பிறந்த பெண்ணொருத்தி சேலத்திலுள்ள கல்லூரியில் பயில விரும்பினால், மலையைவிட்டு இறங்க வேண்டும். பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கவும் நேரும். சாலையில் இறங்குவது எளிது. வீட்டாரின் இசைவைப் பெறுவதுதான் அரிது. கல்லூரிக்குச் சென்ற பெண் கதைகளில் வருவதுபோல் காதலித்துக் கெட்டுவிடுவாள் என்னும் அச்சம் மலைமேலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. எந்தக் கதையில், எந்தப் பெண், எவ்வாறு கெட்டாள் என்று கேட்பாரைத்தான் காணோம்.

அவ்வாறு கேட்போர் எடுத்துப் படிக்கத்தக்க பழைய கதை ஒன்று உண்டு. அது சென்னையிலேயே எழுதப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், தமிழ் மாணவர் பலர் அதன் பெயரையும் அறியார். 'சகுணா' என்பது அந்நூலின் பெயர். அதனை இயற்றியவர் கிருபாபாய் சத்தியநாதன் என்னும் அம்மையார். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இதழில் அது தொடராக வெளிவந்தது. அம்மையார் தம் வாழ்க்கையையே பெரும்பாலும் கதையாக்கினார். ஆதலின் சகுணாவின் வரலாற்றை அறிவார் கிருபாபாயின் வரலாற்றையும் அறிந்தவராவர்.

அவர் 1862-ஆம் ஆண்டில் அகமதுநகரில் பிறந்தார். தந்தையும் தாயும் அந்தணர் குலத்தில் தோன்றிக் கிறித்துவ சமயம் தழுவியவர்கள். தந்தை இளமையிலேயே மறைந்தார். அதன்பின் அச்சிறுமியின் அறிவுக்கு வாயில் திறந்தவர் அவருடைய தமையனார் பாஸ்கர். அவர் நூல்களைக் கொடுத்தார். கொடுத்த நூல்களைப் பற்றி உரையாடவும் செய்தார். தங்கைக்குப் புத்தகம் கொடுப்போர் எந்நாளிலும் சிலர் உண்டு. அவள் படித்து என்ன எண்ணினாள் என்று உட்கார்ந்து கேட்போர் இந்நாளிலும் மிகுதியாக இலர். அத்தமையனாரும் இளமையிலேயே இறந்துபட்டார். பின்னர் அவர் பம்பாயிலிருந்த பள்ளியொன்றின் விடுதியில் தங்கிப் பயின்றார். அங்கே அமெரிக்க நாட்டுப் பெண் மருத்துவர் ஒருவரின் பழக்கம் அவருக்கு வாய்த்தது. மருத்துவம் கற்கவேண்டும் என்னும் வேட்கை அப்பழக்கத்தால் விளைந்ததே. இங்கிலாந்து சென்று பயில உதவித்தொகையும் கிடைத்தது; உடல்நலம் குன்றியிருந்தமையால் கடல் கடக்க வழியில்லாது போயிற்று. அந்நிலையில் அவருக்குக் கதவைத் திறந்தது சென்னை மருத்துவக் கல்லூரி.

அக்கல்லூரி பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1875-ஆம் ஆண்டில். மூன்றாண்டு கழித்து, 1878-இல், பதினாறு வயதுடைய கிருபாபாய் அதில் மாணவியாயினார். அக்காலத்தில் அந்த வயதுப் பெண்கள் பலர் மணமாகிப் பிள்ளை பெற்றிருப்பர். பெண்ணுக்குக் குறைந்த அளவு மணவயது 14 எனச் சாரதா சட்டம் விதித்ததே 1929-ஆம் ஆண்டில்தான். அது 18 என உயர்ந்தது 1978-இல். இவ்வாண்டுகளை மனத்திற்கொண்டு நோக்கினால், மராத்திய நாட்டுப் பெண்ணொருத்தி, தாய்மொழி வழங்காத நகரில், பாதிரியார் டபிள்யூ. டி. சத்தியநாதன் இல்லத்தில் தங்கி, நாள்தோறும் மருத்துவம் பயிலச் சென்றது எத்துணைத் துணிவுடைய செயல் என்பது விளங்கும். முதலாண்டில் அவர் நன்கு தேர்ந்தார். ஆனால் அளவுகடந்த உழைப்பால் உடல் நலிந்து, படிப்பை விட்டுப் பூனாவிலிருந்த தமக்கையின் இல்லம் சேர்ந்தார். மீண்டும் சென்னைக்கு வந்தபோது, முன்பு தங்கியிருந்த இல்லத்தின் மகனாகிய சாமுவேல் சத்தியநாதனை அறிந்தார். சாமுவேல் கேம்பிரிட்சில் கற்றவர்; பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கியவர். அறிமுகம் நட்பாயிற்று, நட்பு திருமணமாயிற்று.

கதையைச் சுருக்கிச் சொல்வோர் இந்த இறுதி நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்வர். கல்லூரிக்குப் படிக்க வந்தவள் காதலித்து மணந்தாள் என்று ஒரே வரியில் முடிப்பர். அஃது உண்மை போலத் தோன்றும் பொய். 'சகுணா'வைத் திறந்து பார்ப்பின், காதல் வந்து சேர்வது நூலின் கடைப்பகுதியில். அதற்கு முன் நீண்டு கிடக்கும் ஏடுகளில் காணப்படுவன ஒரு பெண் படித்தவை, கேட்டவை, வெகுண்டவை, இழந்தவை. தமையனின் சாவு இருக்கிறது. கல்வி பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட உலகத்தோடு உள்ளத்துள் நடத்திய வழக்கு இருக்கிறது. நோயினால் கைநழுவிய மருத்துவப் படிப்பு இருக்கிறது. இத்தனையும் கடந்து வந்த ஒருத்தி, தனக்கு இவன் ஒத்தவன் என்று காண்கிறாள். அந்தக் காட்சிக்கு விலை கொடுத்தது அவள் பெற்ற கல்வி. அதனை விட்டுவிட்டு மணத்தை மட்டும் எடுத்துரைப்பது, உழவையும் விதைப்பையும் மறைத்துப் பொலியை மட்டும் காட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒத்தவன் என்று காணும் இந்த முறை தமிழர்க்குப் புதிதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவற்றைத் தொல்காப்பியர் பத்து என எண்ணினார். பிறப்பும் வயதும் உருவும் செல்வமும் அவற்றுள் உள்ளன. அவற்றோடு அருளும் உணர்வும் உள்ளன. உணர்வாவது அறிவு என்பர். ஒருவன் பதினைந்தாண்டு பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றிருக்க, ஒருத்தியை அரிச்சுவடியோடு நிறுத்திவிட்டால், அவ்விருவர்க்கும் உணர்வு ஒத்திருப்பது எங்ஙனம்? குலமும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று ஊரெல்லாம் உசாவும் பெரியோர், ஒப்புப் பத்தில் இவ்வொன்றை மட்டும் எண்ணாது விடுவது வியப்பே.

அகப்பொருள் இலக்கணம் கற்பிக்கும் மற்றொன்று தோழியின் தொழில். பிற்காலக் கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் கல்லூரித் தோழி பெரும்பாலும் கடிதம் கொண்டு செல்பவள். தலைவி அழுதால் தானும் அழுபவள். சிரிப்பதற்கும் சில வேளை பயன்படுபவள். பழைய தோழி அத்தகையள் அல்லள். தலைவன் வந்து குறையிரந்து நின்றவுடன் அவள் இசைந்துவிடுவதில்லை. அரியள் இவள், எளிதில் கிட்டாள் என்று சொல்லி அவனைப் பலகாலும் அகற்றி நிறுத்துகிறாள். இதனைச் சேட்படை என்பர். அவன் காத்திருக்கிறானா, சினந்து போகிறானா, சொல்லில் உறுதியுடையவனா என்பன அவ்வாறு அகற்றும்போதே வெளிப்பட்டுவிடும். பின்னர் களவை நீட்டிக்கும் தலைவனை, மணந்துகொள் என்று நெருக்குபவளும் அவளே. அது வரைவு கடாதல். தலைவியின் உள்ளத்தைச் செவிலிக்கு உரைத்து, வேற்று வரைவு நேராமல் காப்பவளும் அவளே. அஃது அறத்தொடு நிற்றல். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையன்மார்க்கும் உரைப்பது மரபு. இம்மூன்று செயலுக்கும் கூரிய அறிவு வேண்டும். தலைவியிடத்துப் பொறாமையற்ற அன்பு வேண்டும். இன்று கல்லூரி விடுதியில் ஓர் அறையில் தங்கிப் பயிலும் பெண்கள், தெரிந்தும் தெரியாமலும், இத்தொழிலைத்தான் ஒருவர்க்கொருவர் செய்கின்றனர். அவனைப் பற்றி நன்கு விசாரித்தாயா, படிப்பு முடியும்வரை பொறுக்கமாட்டானா, வீட்டில் எப்போது சொல்லப்போகிறாய் என்று கேட்கும் தோழி பழைய தோழியின் வழிவந்தவளே. இக்கேள்விகளைக் கேட்க யாருமில்லாத தனிமையில் நேரும் தேர்வே அஞ்சத்தக்கது. விடுதியைக் கண்டு அஞ்சும் பெற்றோர், மகள் வீட்டிலேயே இருந்தும் ஒரு தோழியும் இன்றி இருப்பதைக் கண்டு அஞ்சுவதில்லை.

அத்தனிமை எத்தகையது என்பதைக் காட்ட, கிருபாபாய் எழுதிய மற்றொரு புதினம் உள்ளது. 'கமலா' என்பது அது, 1894-இல் வெளிவந்தது. கமலா மலைப்புறத்தில், உலகை விட்டு ஒதுங்கிய தந்தையோடு வளர்ந்த பெண். மலைகளின் அழகை வரைவதில் அம்மையாருக்குத் தனி விருப்பம் உண்டு. அப்பகுதிகள் ஏற்காட்டு மலையில் வாழ்வோர்க்கும் இனிக்கும். ஆனால் கமலாவுக்கு அம்மலையினின்று இறங்கும் வழி ஒன்றே. அது சிறுவயதிலேயே செய்துவைத்த திருமணம். கணவன் கணேசன் கெட்டவன் அல்லன். அவளுக்கு எழுத்தறிவிக்கத் தொடக்கத்தில் விரும்புகிறான். வீட்டாரின் வெறுப்புக்கும் எள்ளலுக்கும் முன் அவ்விருப்பம் நிற்கவில்லை. கற்பித்தல் நின்ற பின் இருவரிடையே பேச்சுக்குப் பொருளும் குறைந்து போகிறது. அவன் உள்ளம் வேறொருத்தியை நாடுகிறது. கமலாவுக்கும் தோழியர் உண்டு. அவர்களும் அவளைப் போலவே மாமியாருக்கு அஞ்சி வாழும் இளமருமகளிர். தம் துயரை ஒருவர்க்கொருவர் சொல்லி ஆறலாம்; அதற்குமேல் அவர்களால் ஒன்றும் இயலாது. அறத்தொடு நிற்க அங்கே யாருக்கும் உரிமை இல்லை.

இவ்விரு நூல்களையும் ஒருங்கே கற்போர்க்கு ஒன்று புலனாகும். சகுணாவுக்கு நேர்ந்த துன்பங்கள் கமலாவின் துன்பங்களினும் மிகக் குறைந்தன அல்ல. தந்தையின் சாவு, தமையனின் சாவு, நோய், நின்றுபோன படிப்பு என அவை தொடர்ந்து வந்தன. ஆயினும் ஒவ்வொரு துன்பத்தின் பின்னும் அவளிடத்தில், நீ இனி என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்க ஒருவர் இருந்தனர். கமலாவை அவ்வாறு கேட்டவர் மிகச் சிலர். கேட்டபோது காலமும் கடந்திருந்தது.

தமிழில் தோன்றிய முதற் புதினங்கள் பெண்கல்வியைப் போற்றத் தவறவில்லை. 1879-இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், கணவனினும் கூர்த்த அறிவுடையவள் ஞானாம்பாள். ஆணுடையில் நாடாளவும் வல்லவள். ஆனால் அவள் கற்றது வீட்டில். 1898-இல் வெளிவந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்திலும் கல்லூரிக்குச் செல்வோர் ஆடவரே. அதில் வியப்பில்லை, சென்னையில் பெண்களுக்கென அரசினர் கல்லூரி தோன்றியதே 1914-இல். அதுவே பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆதலால், தமிழ்ப் புதினப் பெண் கல்லூரிப் படியை மிதிக்குமுன்பே சகுணா மிதித்துவிட்டாள் எனலாம். பிற்காலத்தில் கதைகளில் கல்லூரி மாணவியர் திரளாக வந்தனர். அவர்கள் உடுத்த சேலையின் நிறம் படிப்போர்க்குத் தெரியும். அவர்கள் எந்தப் பாடத்தைப் பயின்றனர் என்பது பல கதைகளில் முடியும்வரை தெரியாது. இது சிறு குறையன்று. படிக்காத படிப்பைச் சொல்லும் கதைகளே, பெற்றோரின் அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தன.

ஆங்கில நாட்டில் ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், கல்லூரியே இல்லாத உலகில் இரு தோழியர் வருகின்றனர். எலிசபெத் பெருஞ்செல்வனாகிய டார்சி முதன்முறை கேட்டபோது மறுத்துவிடுகிறாள். அவள் தோழி சார்லெட், எலிசபெத் முன்பே மறுத்த ஒருவனை, தங்குவதற்கு ஓர் இல்லம் கிடைக்கும் என்பதற்காக மணக்கிறாள். சார்லெட்டைப் பழிப்போர் பலர். அவள் கையில் ஒரு தொழிற்கல்வி இருந்திருந்தால் அப்படி மணந்திருப்பாளா என்று எண்ணிப் பார்த்தபின் பழிப்பது நன்று.

'சகுணா'விலும் குறை இல்லாமல் இல்லை. திருமணத்தோடு நூல் முடிந்துவிடுகிறது. அவள் வாழ்வு அத்துடன் நிறைவுற்றதுபோல ஒரு தோற்றம் ஏற்படுகிறது. எழுதியவரின் வாழ்வோ அத்துடன் முடியவில்லை. கணவர் உதகமண்டலத்தில் தலைமையாசிரியராய் இருந்தபோது, அம்மையார் அங்கே இசுலாமியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார். இராசமகேந்திரபுரத்திலும் கும்பகோணத்திலும் வாழ்ந்து, 1886-இல் சென்னைக்கு மீண்டபின் எழுதத் தொடங்கியதே அந்நூல். மருந்து கொடுக்க முடியாத கை எழுதுகோலை எடுத்தது. மணத்திற்குப் பிந்திய இந்த ஏடுகளையும் அவர் கதையில் சேர்த்திருக்கலாம். அக்காலக் கதை மரபு அதற்கு இடந்தரவில்லை போலும்.

ஈன்ற ஒரே குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. என்புருக்கி நோயும் பற்றியது. அந்நோயோடு போராடியே 'கமலா'வை எழுதி முடித்தார். அதே 1894-இல், 32-ஆம் வயதில் மறைந்தார். அந்நூலின் இறுதியில் கணவன் வாந்திபேதியால் இறக்கிறான், குழந்தையும் போய்விட்டது. கைம்பெண்ணாகிய கமலாவை, அவளை உள்ளன்போடு நேசித்த இராமச்சந்தர் மணந்துகொள்ளக் கேட்கிறான். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தேர்வு அவள் கைக்கு வருகிறது. அவள் மறுத்துவிட்டு, எஞ்சிய நாள்களை எளியோர்க்கு உதவுவதில் செலவிடுகிறாள். அந்த மறுமொழியில் கமலாவின் குரல் எவ்வளவு, அவளை வளர்த்த ஊரின் குரல் எவ்வளவு என்பதை ஆசிரியர் பிரித்துக் காட்டவில்லை.