ஊசி போடாத டாக்டர்: இடம் கிடைத்தால் பணமும் கிடைக்குமா?

சாரல் பிறந்துவிட்டால் ஐந்தருவியில் கூட்டம் தாங்காது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கான "நெட்" பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஒன்று இந்தச் சாரல் காலத்தை ஒட்டியே வரும். குற்றாலம், தென்காசிப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகளுக்கு அருவியில் குளிக்க நேரம் ஏது?

"பெண்ணுக்கு பி.எச்டி. இடம் கிடைத்துவிட்டது" என்று வீட்டில் இனிப்புக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். ஆனால் ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும்: மாதாமாதம் பணம் வருமா?

இவர் என்ன டாக்டர்?

இந்த டாக்டர் ஊசி போடமாட்டார். நோய் எப்படி வருகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வார். அதனால் என்ன லாபம்?

1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தவரைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து, மாதக் கணக்கில் சானடோரியத்தில் வைப்பார்கள். வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே பலன் உண்டு என்று 1959-ல் சென்னை ஆராய்ச்சி காட்டியது. உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. எத்தனையோ தாய்மார்கள் பிள்ளைகளைப் பிரியாமல் பிழைத்தார்கள்.

ஒரே பரீட்சை, மூன்று படி

முன்பெல்லாம் ஒவ்வொரு பல்கலைக் கழகத்துக்கும் தனித்தனிப் பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் பஸ் செலவு, விண்ணப்பக் கட்டணம். "நெட்" மார்க்கை வைத்தே பி.எச்டி.யில் சேர்க்கலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2024 மார்ச்சில் அறிவித்தது. ஏழைக் குடும்பத்துக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் தேறியவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. மூன்று படி உண்டு. முதல் படியில் வருகிறவருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. இரண்டாம் படிக்காரர் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் பி.எச்டி.க்கும் தகுதி பெறுவார். மூன்றாம் படிக்காரருக்கு பி.எச்டி. தகுதி மட்டுமே. கீழ் இரண்டு படிக்காரர்களுக்குப் பரீட்சை மார்க்குக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. அந்த மார்க்கும் ஓராண்டுதான் செல்லும்.

2023 ஜனவரி முதல் அமலான விகிதப்படி, முதல் படிக்காரருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். பிறகு 42,000 ரூபாய். மற்ற இருவருக்கும் இந்தப் பணம் கிடையாது. வேறு உதவி கிடைக்காவிட்டால், கைப்பணத்தில்தான் ஆண்டுக் கணக்கில் படிக்க வேண்டும். கதவை அகலத் திறந்துவிட்டார்கள். பணப்பையைத் திறக்கவில்லை!

எல்லாவற்றையும் ஒரே பரீட்சையில் கட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 ஜூன் 18-ந் தேதி நடந்த மானியக் குழுவின் "நெட்" பரீட்சை மறுநாளே ரத்தானது. அடுத்த சில நாளில் விஞ்ஞானப் பரீட்சையும் தள்ளி வைக்கப்பட்டு, ஜூலைக் கடைசியில்தான் நடந்தது. பல மாதம் படித்த பிள்ளைகள் தவித்துப் போனார்கள்.

கல்யாணம் ஆனால்?

பெற்றோர் பலரின் கவலை இது. 2022-ம் ஆண்டு விதிகளின்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு அவகாசம் தரலாம். பிரசவத்துக்கு 240 நாள் வரை லீவு உண்டு. கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்கா போகலாமா?

அங்கே மருத்துவ உயிரியல் படிப்பில் சேர்ந்தால், கல்லூரியே உதவித் தொகை கொடுத்துக் கட்டணத்தையும் ஏற்பது வழக்கம். அந்த நம்பிக்கையும் 2025-ல் ஆட்டம் கண்டது. யுமாஸ் சான் என்ற மருத்துவக் கல்லூரி, கொடுத்த பி.எச்டி. இடங்களை அந்த மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சர்க்கார் ஆராய்ச்சிப் பணம் நிச்சயமில்லை என்பதே காரணம். ஒரே நாட்டை நம்பி விண்ணப்பம் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

நம் ஊர்ப் பக்கத்துக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் இருக்கிறது. எங்கே போனாலும் வழிகாட்டும் பேராசிரியரை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். அவரிடம் இடம் காலியா, அவர் கையில் ஆராய்ச்சித் திட்டப் பணம் உண்டா, அதிலிருந்து மாணவருக்குச் சம்பளம் வருமா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம்.