படக்கருவியின்முன் நிற்கும் ஆசிரியர்க்கு எதைப் பயிற்றுவது?

கரும்பலகையின்முன் முப்பதாண்டு நின்று பழகிய ஓர் ஆசிரியரை, ஒருநாட் காலையில் விளக்கொளி வெள்ளத்தின் நடுவே நிறுத்தி, எதிரே ஒரு படக்கருவியை நாட்டி, ‘தொடங்குங்கள் ஐயா’ என்றால் அவர் என் செய்வார்? வகுப்பறையில் அவர்க்குத் துணைநின்றவை நாற்பது முகங்கள். ஒரு நெற்றி சுருங்கினால் சொன்னதை வேறு வகையாற் சொல்வார். கடைசி விசிப்பலகையில் ஒரு கொட்டாவி எழுந்தால் சிரிக்க ஒன்று சொல்லி வகுப்பை மீட்பார். படக்கருவியின் கண்ணாடிக்கோ நெற்றியும் இல்லை, கொட்டாவியும் இல்லை. அவ்வெறுமையின்முன், கற்பித்தலிற் கைதேர்ந்த அதே ஆசிரியர், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் சிறுவனாகச் சுருங்கிப் போகின்றார். இஃது அவர் குற்றமா? அன்று. அவர்க்களிக்கப்பட்ட பயிற்சியின் குற்றம்.

தமிழ்நாட்டரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்களில் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நச்சுயிரி நோய் பள்ளிகளை மூடியபோது, அத் தொலைக்காட்சியும் ஆசிரியர் கையிலிருந்த கைப்பேசியுமே பள்ளிகளாயின. நோய் தணிந்தது, காணொளிப் பாடம் தணியவில்லை. நடுவணரசின் ‘சுவயம்’ என்னும் இணையவழிக் கல்வித் தளம் 2017-இலேயே வந்துவிட்டது. தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணிச் செயலி 2023-இல் வந்தது. இனி ஆசிரியப் பணியில் ஒரு பகுதி படக்கருவியின்முன் நிகழும் என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம், அதற்காக ஆசிரியர்க்கு எதைப் பயிற்றுவது என்பதிலேயே.

பயிற்சி என்றவுடன் எண்ணம் கருவியின் பக்கமே ஓடுகின்றது. எந்தப் படக்கருவி, எத்தனை விளக்கு, பின்புலத் திரைக்கு என்ன நிறம், படத்தை வெட்டி ஒட்டும் மென்பொருள் எது என்பனவே பேச்சு. இவை வேண்டாதன அல்ல. ஒலிவாங்கி நன்றாயில்லாவிடின் எந்தப் பாடமும் செவியேறாது. ஆயினும் இவை இரண்டு நாளிற் கற்கத்தக்க கைவேலை. இதனையே பயிற்சியின் முழுமை என்று கொள்வது, எழுத்தாணி பிடிக்கக் கற்றவனைப் புலவன் என்பது போல்வதாகும்.

ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பப் பயிலகமும் இணைந்து 2012-இல் நிறுவிய எடெக்சு என்னும் இணையக் கல்வித் தளத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. 862 காணொளிகள், அவற்றை மாணாக்கர் பார்த்த 69 இலக்கம் அமர்வுகள். ஆய்ந்தவர் கண்டது என்ன? ஆறு மணித்துளிக்கு மேற்பட்ட பாடத்தை மாணாக்கர் முழுதும் பார்ப்பதரிது. பெரும்பொருள் செலவிட்டுப் படப்பிடிப்புக் கூடத்தில் எடுத்த மிடுக்கான காணொளியைவிட, ஆசிரியர் தம் மேசையருகே அமர்ந்து இயல்பாகப் பேசியது மாணாக்கரை மிகுதியும் பற்றி நிறுத்தியது. அச்சிட்ட படவில்லைகளைக் காட்டிப் பேசுவதினும், பேசப் பேசக் கையால் வரைந்து காட்டுவது சிறந்தது. வகுப்பறை விரிவுரையை அப்படியே படம்பிடித்துத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டாலும் அது காணொளிப் பாடம் ஆகவில்லை. செலவைக் கூட்டிக் கேட்கும் அதிகாரிகள் இவ்வாய்வை ஒருமுறையேனும் படித்துவிட்டுக் கோப்பிற் கையெழுத்திடலாம்!

சல்மான் கான் என்பார் 2004-இல் தொலைவிலிருந்த தம் உறவினர் மகள் ஒருத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதும், அதனையே 2006 முதல் இணையத்தில் காணொளியாக இட்டதும் பலரும் அறிந்தவை. அவர் முகம் திரையில் இல்லை. கரிய திரையில் வண்ணக் கோடுகளும், பக்கத்தில் அமர்ந்து பேசுவது போன்ற குரலுமே இருந்தன. ஒருத்திக்காகச் சொன்னதாலேயே அது உலகெங்கும் கேட்கத் தக்கதாயிற்று. ‘அன்பார்ந்த மாணவச் செல்வங்களே’ என்று கூட்டத்தை விளித்துத் தொடங்கும் பாடம், தனியே அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியின் உள்ளத்தில் எவ்வாறு புகும்?

இவையெல்லாம் மேலை நாட்டார் நேற்றுக் கண்டவை என்று மயங்க வேண்டா. ஏறத்தாழ 800 ஆண்டுகட்குமுன் பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில், கொள்வோன் கொள்ளும் அளவறிந்து கொடுப்பதே ஆசிரியன் கடன் என்பதை வகுத்துரைத்தார். நூற்குரிய குற்றங்களாக அவர் எண்ணியவற்றுட் சிலவற்றைக் காணொளியின்மேல் வைத்துப் பாருங்கள். பாடத்தின் பெயரும் துறையின் பெயரும் வாழ்த்தும் வணக்கமுமாக இரண்டு மணித்துளி கழிவது மிகைபடக் கூறல். திரையில் எழுதியிருப்பதையே வாயாலும் படிப்பது கூறியது கூறல். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் இரிச்சர்டு மேயர், அசையும் படம் ஓடும்போது பேசும் சொற்களையே எழுத்தாகவும் காட்டினால் கற்றல் குன்றும் என்று ஆய்ந்து காட்டியது இதனைத்தான். பாடத்தோடு ஒட்டாத இசையும் ஆடும் பொம்மையும் மற்றொன்று விரித்தல். அவையும் கற்றலைக் கெடுக்கும் என்பதும் அவர் ஆய்வின் முடிபே. தொடக்கத்தில் ஆரவாரித்து முடிவில் ‘நேரமின்மையால்’ என்று ஓடி மறைவது சென்று தேய்ந்திறுதல்.

ஒருமுறை கேட்டவன் இருமுறை கேட்பின் பிழை நீங்கும், மும்முறை கேட்பின் பிறர்க்குரைக்கும் திறம் வாய்க்கும் என்ற கருத்தும் அந்நூலிலேயே உண்டு. காணொளியின் தனிச்சிறப்பே மீண்டும் கேட்கலாம் என்பதன்றோ? திரும்பத் தேடும் இடம் எளிதிற் கிடைக்கும்படி பாடத்தைப் பகுத்தமைக்கவும் ஆசிரியர்க்குக் கற்பிக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் பெரிய குறை மொழியைப் பற்றியது. ஒருபுறம், முக்காலும் ஆங்கிலச் சொற்களைப் பெய்து வினைமுற்றை மட்டும் தமிழாற் சொல்லும் பாடம். மற்றொருபுறம், ஆங்கில விரிவுரையை வரிக்கு வரி பெயர்த்துக் குரல் கொடுத்த பாடம். அங்கே சொல் தமிழ், எலும்பு ஆங்கிலம். மூன்றாவதாக ஒன்றுண்டு, அதனைச் சொல்லத் தமிழன்பர்கள் தயங்கலாகாது. பாடநூலின் எழுத்து நடையை அப்படியே முன்னே ஓடவிட்டு மூச்சுவிடாமற் படிப்பதும் கொல்லும் பாடமே. ‘ஒளிச்சேர்க்கை என்பது பச்சையமுள்ள உயிரிகள் கதிரொளியின் துணைகொண்டு கரிவளியையும் நீரையும் மாவுப்பொருளாக மாற்றும் வினையாகும்’ என்பது பிழையற்ற தொடர். ஆனால் பன்னிரண்டு அகவைச் சிறுவன் செவியில் அது நிற்காது. கையில் ஓர் இலையை எடுத்து, ‘இதைப் பாருங்கள். இஃது உணவு தேடி எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே சமைக்கிறது. அடுப்புக்கு நெருப்பு கதிரவன். உலையில் இடுவது வேர் தந்த நீரும் காற்றிலுள்ள கரிவளியும். இதன் பச்சைதான் அடுக்களை’ என்று சொல்லிப் பாருங்கள். அயற்சொல் ஒன்றேனும் உண்டா? அருஞ்சொல் உண்டா? தமிழிற் சொன்னால் விளங்காது என்பார்க்கு விடை இத்தகைய ஆறு தொடர்களே. கலைச்சொல்லை இதன்பின் சொன்னால், பொருள் தெரிந்த பிள்ளை அதனைத் தானே பற்றிக்கொள்ளும்.

ஆகவே பயிற்சியின் முதல்நாள் படக்கருவி அறைக்குள்ளேயே வரக்கூடாது. அறிவியலாசிரியரும் தமிழாசிரியரும் அருகருகே அமர்ந்து, ஒரே ஒரு கருத்தை எடுத்து, உரைப்படியை வாயாற் சொல்லிச் சொல்லி எழுத வேண்டும். எழுதியதை எதிரே அமர்ந்த ஒரு மாணாக்கனுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும்; அவன் நெற்றி சுருங்கும் இடத்தில் அடித்துத் திருத்த வேண்டும். அடுத்து ஒலியை மட்டும் பதிந்து, ஆசிரியர் தம் குரலைத் தாமே கேட்க வேண்டும். (பலரும் திடுக்கிடும் இடம் இதுவே.) அதன் பின்னரே படம்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பெற்று 1971-இல் பாடம் தொடங்கியபோது, தனியொரு பேராசிரியரைக் கருவியின்முன் தள்ளிவிடவில்லை. துறையறிஞர், ஒலிபரப்புக் கழகத்தின் படைப்பாளர், பதிப்பாளர், கல்வி நுட்பவியலார் ஆகியோரைக் கொண்ட குழுவே ஒவ்வொரு பாடத்தையும் ஆக்கியது. இந்தியாவில் 1975 ஆகசுட்டு முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக 2,400 சிற்றூர்கட்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. அங்கும் படைப்பாளரும் ஆய்வாளரும் கூடியே உழைத்தனர். அதற்குத் தேர்ந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை; அதன் மொழிகளில் தமிழும் இல்லை.

குழு வேண்டும் என்றால் நேரம் வேண்டும். கிழமைக்கு முப்பது பாடவேளை எடுத்து, விடைத்தாள் திருத்தி, புள்ளிவிளக்கப் படிவங்களை நிரப்பிய ஆசிரியரை, மாலையில் வீட்டில் குழந்தையை உறங்கவைத்துவிட்டுத் தம் கைப்பேசியில், தம் செலவில், காணொளி செய்து அனுப்புக என்பது ஆணையாகலாம், பயிற்சியாகாது. ஆறு மணித்துளிப் பாடத்திற்கு ஆறு மணிநேர உழைப்பும் போதாது போகலாம். அந்நேரத்தைப் பாடவேளைக் கணக்கிற் குறைத்துத் தருவதாக ஒரு சுற்றறிக்கை வரட்டும். ஒரு கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டிற்குப் போய்ச் சேரத்தக்க பாடங்களை நம் ஆசிரியர்கள் செய்து காட்டுவார்கள்.