பரங்கியும் கீரையும் ஒரே சட்டியில்

செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அந்தப் பல்லவன் பரங்கிக்காயைச் சுவைத்திருக்க வழியில்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தக் காய், ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே இங்கு வந்தது.

வந்தபின் நம்முடையதாகிவிட்டது. தைப்பொங்கலன்று மொச்சை, அவரை, வாழைக்காயோடு பரங்கியும் சேராத கூட்டு வட தமிழகத்தில் குறைவு. மற்ற நாளில் மட்டும் ஏன் ஒதுக்குகிறோம்?

முருங்கைக்கீரையோடு சேர்த்தால் அதன் அருமை புரியும். பாசிப்பருப்பை மலர வேகவைத்து, தோலோடு நறுக்கிய பரங்கியைப் போட வேண்டும். அது முக்கால் பதம் வெந்ததும் கீரையைச் சேர்த்து, மூடாமல் கொதிக்கவிட வேண்டும். கடைசியில் தேங்காயும் நல்லெண்ணெய்த் தாளிப்பும். எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கூடாது. பரங்கி, கீரை இரண்டிலும் உள்ள பீட்டா கரோட்டின், கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். அதிலிருந்துதான் உடல் வைட்டமின் ஏ-யை உண்டாக்கிக்கொள்கிறது.

முற்றிய பரங்கியைக் காம்போடு அறுத்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பெட்டி வேண்டாம். இளம் கொழுந்தும் பூவும்கூடச் சமையலுக்கு ஆகும். விதையை வறுத்துத் தின்னலாம்.

1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்துக்கும், 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் இந்தக் கூட்டைவிடப் பொருத்தமான இணை அரிது. பள்ளி வேலியோரம் ஒரு முருங்கை, ஒரு பரங்கிக்கொடி. வாரம் ஒருமுறையாவது இந்தக் கூட்டைப் பிள்ளைகளின் தட்டில் வைக்க அரசு முன்வர வேண்டும்.