எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும்?

மின்னூட்டம் எப்போதும் உயர் மின்னழுத்தத்திலிருந்து தாழ் மின்னழுத்தத்துக்கே நகரும் என்று அடித்துச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. நேர்மின் துகளுக்குப் பொருந்தும், எலக்ட்ரானுக்குப் பொருந்தாது. பழைய டிவியின் படக்குழாயைப் பாருங்கள். சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், அதைவிட ஏறத்தாழ 25,000 வோல்ட் உயர்ந்த ஆனோடை நோக்கிச் சீறிப் பாய்ந்து திரையை ஒளிர வைக்கிறது.

அங்கே குறைவது நிலை ஆற்றல். மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். மின்னூட்டம் எதிர்க்குறி என்றால், மின்னழுத்தம் ஏற ஏற ஆற்றல் இறங்கும். நிலை ஆற்றல் குறையும் பக்கமே துகள் நகரும் என்பதும் ஓய்விலிருந்து விடப்பட்ட துகளுக்கே உறுதி. வேகத்தோடு வரும் துகள் விசையை எதிர்த்தும் சிறிது தூரம் போகும்.

அரைகுறை விதியை மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதலில் குறியைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.