என்ன படிக்கிறீர்கள்?



வீடு சந்திப்புக்குச் செல்லும் குருவானவர்கள் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் சில உண்டு. பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், மூத்த மகனுக்கு வேலை எங்கே, பாட்டியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பன அவை. இவற்றோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்வதுண்டு: "இப்போது வீட்டில் என்ன நூல் படிக்கிறீர்கள்?" பீர்க்கன்கரணையில் இதற்குக் கிடைக்கும் முதல் விடை பெரும்பாலும் ஒரு புன்னகை. இரண்டாவது விடை, "நேரம் எங்கே ஃபாதர்? காலையில் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால், வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது" என்பது.

அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆயினும் அந்த வினாவைச் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மனிதரின் வாழ்வையும், அவர் வழியாகத் தமிழின் வரலாற்றையும் அது ஒருமுறை மாற்றியிருக்கிறது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகப் பணியேற்றிருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று இளம் ஆசிரியர் நீண்டதொரு பட்டியலை ஒப்புவித்தார். முதலியாரின் முகம் மலரவில்லை. இவற்றால் என்ன பயன், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைப் படித்ததில்லை. ஏடு கிடைக்கவில்லை என்றார். முதலியார் பின்னர் அதன் பிரதி ஒன்றை அவர் கையில் சேர்ப்பித்தார்.

அதன் பின் நடந்ததே நாம் கருத வேண்டியது. ஐயர் சைவ மரபில் வளர்ந்தவர். சிந்தாமணியோ சமண காவியம். ஆகவே கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களின் இல்லங்களைத் தேடிச் சென்று, அவர்கள் சமயக் கருத்துகளைப் பணிவோடு கேட்டறிந்தார். பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் பதிப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவர, அந்த ஒரு வினாவே வாயிலாயிற்று.

இவ்வரலாற்றை அவரே எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலில் காணலாம். இப்பொழுது நம் மேசைமேல் இருப்பதும் அதுவே. இரவு செபம் முடிந்தபின் பத்துப் பக்கம் என்ற கணக்கில் படித்து வருகிறோம். 1940ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர் அது. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் மறைந்தார். தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. 1950இல் நூலாக வெளிவந்தபோதும் அது முடிவில்லாத சரித்திரமாகவே வந்தது. அடுத்த இதழுக்குக் காத்திருந்த அந்நாளைய வாசகர்களின் ஏக்கத்தை எண்ணிப் பாருங்கள்!

மேசையில் இன்னொரு நூலும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. கைதான செய்தி கேட்டு, 1908 மார்ச் 13இல் திருநெல்வேலி மக்கள் பொங்கியெழுந்ததையும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்ததையும் பற்றியது. தலைவர்களின் பெயர் அறிந்த நாம், தெருவில் நின்ற எளிய மக்களைப் பற்றியும் அறிய வேண்டாமா?

கையில் இருப்பவற்றைச் சொன்னோம். இனி எதிர்நோக்கும் நூல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நூலை எதிர்நோக்குதல் என்றால் கைகட்டிக் காத்திருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. மொத்தம் பதினாறு பக்கம். ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். ஆனால் அச்சுப் பணிக்குப் பொருள் உதவியவர்கள் யார்? முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். கடலில் மூச்சடக்கி உழைத்த அம்மக்கள், அதற்கு முன் தங்கள் எழுத்தில் அச்சிட்ட ஒரு நூலையும் கண்டவர்கள் அல்லர். கண்ணால் காணாத ஒரு பொருளுக்கு அவர்கள் தங்கள் உழைப்பின் பயனைக் கொடுத்தார்கள். சிந்தாமணியும் அவ்வாறே வந்தது. நூல் வெளிவரும் முன்பே, வாங்கிக்கொள்கிறோம் என்று கையொப்பமிட்ட அன்பர்களின் துணை ஐயருக்குக் கிடைத்தது. இவ்வாறு தமிழ் நூல்கள் பல வாசகரின் முன்பணத்தால் பிறந்தவை.

இன்றைய நிலையும் பெரிதும் வேறன்று. இத்தனை கோடித் தமிழர் வாழும் உலகில், நல்ல நூல்கள் பலவற்றின் முதற்பதிப்பு சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுகிறது. வாங்குவார் இன்றேல் மறுபதிப்பு இல்லை. சில ஆண்டுகளில் அந்நூலைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிடும். சிந்தாமணி ஏடு தேடி ஐயர் அலைந்தது போல, நம் பேரப்பிள்ளைகளும் நம் காலத்து நூல்களைத் தேடி அலையும் நிலை வரலாமா?

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. பதிப்பகத்தார் புதிய நூல்கள் பலவற்றை அதற்கெனவே ஆயத்தம் செய்கின்றனர். டிசம்பரிலேயே அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். நந்தனத்தில் காட்சி நடைபெறும் ஆண்டுகளில், பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கினால் இடம் தொலைவில் இல்லை. குடும்பமாகச் செல்லுங்கள். கிறிஸ்துமஸ் உடைக்கும் கேக்குக்கும் பணம் ஒதுக்கும் இல்லத்தரசியர், ஒரு நூலுக்கும் சிறிது ஒதுக்கட்டும். பிள்ளைகள் தம் விருப்பம்போல் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அது நாம் விரும்பாத கதைப் புத்தகமாயினும் முகம் சுளிக்க வேண்டாம்.

வாங்க இயலாதோருக்கும் வழி உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்திய மாநிலங்கள் இயற்றிய நூலகச் சட்டங்களுக்குள் முன்னோடி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் அதற்காக நெடுங்காலம் உழைத்தார். அச்சட்டத்தின்படி நாம் வீட்டுக்குச் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. வரியைக் கட்டிவிட்டு நூலகத்தின் வாயிலை மிதியாதிருப்பது, விருந்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பசியோடு திரும்புவதற்கு ஒப்பாகும். 2010இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம் அல்லவா?

இறுதியாக, நாம் மிகவும் ஆவலோடு எதிர்நோக்கும் நூல் எது என்று கேட்பீர்களாயின், அது எந்தப் பதிப்பகத்தின் பட்டியலிலும் இல்லை. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியும் வயலும் இருந்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் மறைந்தால் அந்நினைவும் மறையும். திருநெல்வேலியின் எளிய மக்களைப் பற்றி நூற்றாண்டுக்குப் பின்னும் ஒருவர் தேடி எழுதினார். நம் ஊரைப் பற்றி எழுதவோ, கேட்கக்கூடியவர்கள் இன்றே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் பயிலும் நம் பங்கின் இளைஞர் ஒருவர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, தம் தாத்தாவின் அருகே அமர்ந்து கேட்டு எழுதினால் போதும். அந்நூல் அச்சாகும் நாளில், வாங்கிக்கொள்கிறோம் என்று முதற் கையொப்பமிட நாம் ஆயத்தமாய் இருக்கிறோம்.

அதுவரையில், அடுத்த முறை உங்கள் இல்லத்துக்கு வரும்போது அந்தப் பழைய வினாவைத்தான் கேட்போம். விடையை இன்றிரவே தேடத் தொடங்குங்கள்.