பிரீமியம் பெட்ரோல்: கூடுதல் விலைக்கு ஏற்ற பயன் பைக்குகளுக்குக் கிடைக்கிறதா?

புதுடெல்லி: ‘சாதாரணமா, பிரீமியமா?’ என்பது பெட்ரோல் பங்க்குகளில் இருசக்கர வாகன ஓட்டிகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் மைலேஜ் உயரும், என்ஜின் நீடித்து உழைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுவதும் வழக்கத்துக்கு வந்துவிட்ட நிலையில், இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு வெகுவாகக் குறைந்துள்ளது.

நாட்டின் பெட்ரோல் நுகர்வில் 60 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனங்களுக்கே செல்வதாக, மத்திய அரசு 2014-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. எனவே இது கோடிக்கணக்கான குடும்பங்களின் மாதச் செலவைத் தொடும் கேள்வியாகும்.

ஆக்டேன் எண் எதைக் குறிக்கிறது?

ஆக்டேன் எண் பெட்ரோலின் ஆற்றலைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் எரிபொருள், ஸ்பார்க் பிளக் மூட்டும் சுடர் வந்து சேரும் முன்பே தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனையே அது குறிக்கிறது. அவ்வாறு தானாகப் பற்றிக்கொண்டால் என்ஜினில் ‘டொக் டொக்’ என்ற ஒலி எழும். அது நீடித்தால் பிஸ்டன் சேதமடையக்கூடும்.

எரிபொருள் கலவையை மிகுதியாக அழுத்தும் என்ஜின்களுக்கே இந்த ஆபத்து அதிகம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கின் அழுத்த விகிதம் 9.5:1, அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450 பைக்கில் இது 11.5:1. அழுத்த விகிதம் குறைவாக உள்ள பைக்கில் தேவைக்கு மேற்பட்ட ஆக்டேன் கொண்ட பெட்ரோலை நிரப்புவதால் வேகமோ மைலேஜோ குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதில்லை.

மங்கிப்போன வேறுபாடு

முன்பு 88 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண், பிஎஸ்-6 விதிகளின்படி 91 ஆக உயர்ந்தது என்றும், 20 சதவீத எத்தனால் கலப்பால் அது 95-ஐ எட்டியுள்ளது என்றும் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108 என்பதே இதற்குக் காரணம்.

இதன்படி பார்த்தால், 95 என்ற எண்ணுக்காக மட்டும் பிரீமியம் வாங்குவோர், சாதாரண பெட்ரோலிலேயே உள்ள ஒன்றுக்குத்தான் கூடுதல் விலை தருகின்றனர். எஞ்சுவது, இன்ஜெக்டரிலும் வால்வுகளிலும் கசடு படியாமல் தடுக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் மட்டுமே. அவற்றால் பயன் உண்டு என்றாலும், அது மெதுவாகவே தெரியும். ஒரு முறை டேங்க்கை நிரப்பியதும் உணரக்கூடியதன்று.

இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் வகைகள் தனிரகம். அறிமுகத்தின்போதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு விற்கப்பட்ட அது, உயர்திறன் என்ஜின்களுக்கானது.

செலவுக் கணக்கு

சாதாரண பெட்ரோல் 95 ரூபாய்க்கும் பிரீமியம் 103 ரூபாய்க்கும் விற்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் மாதம் 1,000 கிலோமீட்டர் செல்பவருக்கு 20 லிட்டர் தேவை. கூடுதல் செலவு மாதம் 160 ரூபாய். ஆண்டுக்கு 1,920 ரூபாய். இதை ஈடுகட்ட மைலேஜ் 54 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். சாதாரண பைக்கில் எரிபொருளை மாற்றுவதால் மட்டும் அவ்வளவு உயர்வை எதிர்பார்க்க இயலாது. அந்தத் தொகையை உரிய காலத்தில் ஆயில் மாற்றவும், ஏர் ஃபில்டரைப் பராமரிக்கவும் செலவிடுவதே பலன் தரும்.

பழைய வாகனங்களின் நிலை

2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல வாகனங்கள் இ20-ஐக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை அல்ல. அத்தகைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற நேரிடலாம் என்று அமைச்சகமும் கூறியுள்ளது. இவ்விரண்டும் எத்தனாலின் அளவைச் சார்ந்தவை. எத்தனால் கலந்த பெட்ரோலையே பிரீமியம் என்ற பெயரில் வாங்கினால் இவற்றுக்குத் தீர்வு கிடைக்காது.

எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தள்ளுபடி செய்தது. பங்க்குகளில் எத்தனால் அளவைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதும் அம்மனுவின் கோரிக்கைகளுள் ஒன்று.

உரிமையாளர் கையேடு உயர் ஆக்டேனைப் பரிந்துரைக்காத வரை, என்ஜினில் தட்டொலி கேட்காத வரை, பெரும்பாலான பைக்குகளுக்குச் சாதாரண பெட்ரோலே போதுமானது. எனினும், ஆக்டேன் எண்ணும் எத்தனால் அளவும் ஒவ்வொரு பம்ப்பிலும் பளிச்செனத் தெரியும்படி எழுதப்பட்டால்தான், எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்து நுகர்வோரால் முடிவெடுக்க இயலும்.