பழமைக்குப் பல் பிடித்துப் பார்க்க வேண்டாமா?

நமது நாட்டில் எந்தச் சரக்கையும் விலைபோகச் செய்வதற்கு ஒரு சுலபமான வழி இருக்கின்றது. அதாவது, "இது மிகவும் பழமையானது" என்று சொல்லிவிடுவதேயாகும். பழமை என்ற சொல் காதில் விழுந்தவுடனே கேட்கிறவன் கையைக் கட்டிக்கொள்ளுகிறான், வாயைப் பொத்திக்கொள்ளுகிறான். எத்தனை வருஷத்துப் பழமை, அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்க மாத்திரம் ஒருவருக்கும் நாக்கு எழுவதில்லை.

ஆனால் இதே மனிதன் சந்தையில் ஒரு காளை பிடிக்கப் போனால் என்ன செய்கிறான்? விற்கிறவன் தன் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்து வயது சொன்னாலும் நம்புவதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் மடியை அவிழ்க்கிறான். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்குகிறவர் சாக்கின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டா விலை பேசுகிறார்? கையில் அள்ளி நிறம் பார்க்கிறார். சல்லடையில் சலித்துப் பருமன் பார்க்கிறார். மாட்டுக்கும் ஏலக்காய்க்கும் உபயோகப்படுகின்ற புத்தி, புராணத்துக்கும் சாஸ்திரத்துக்கும் மாத்திரம் உபயோகப்படாமல் போவானேன் என்பதுதான் நமது கேள்வி.

ஒரு பொருள் தன் வயதைத் தானே எப்படிச் சொல்லும் என்பதை ஒரு பழைய உலகப் படத்தைக் கொண்டு விளக்குவோம். பொட்டிபுரத்திலோ தேவாரத்திலோ ஒரு பழைய வீட்டுப் பரண்மேல் ஓர் உலகப் படம் அகப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் அச்சிட்டிருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. வீட்டுக்காரர் 200 வருஷத்துப் படம் என்கிறார். நாம் அவரோடு சண்டை போட வேண்டியதில்லை, படத்தையே விசாரிக்கலாம்.

ரஷ்யாவில் ஒரு பெரிய பட்டணம் 1914 வரையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அவ்வருஷம் முதல் பெட்ரோகிராட். 1924 முதல் லெனின்கிராட். 1991 முதல் மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நமது படத்தில் லெனின்கிராட் என்று இருந்தால், அது 1924க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. நார்வேயின் தலைநகருக்கு ஆஸ்லோ என்று போட்டிருந்தால் 1925க்கும் முந்தியதல்ல. ஏனெனில் அவ்வருஷத்தில்தான் கிறிஸ்டியானியா என்ற பெயரை மாற்றினார்கள். இனிப் பர்மாவைப் பாருங்கள். நம் ஜனங்கள் கப்பலேறிப் போய்ப் பாடுபட்ட அத்தேசத்தை 1937ல்தான் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். படத்தில் இரண்டும் ஒரே நாடாக ஒரே வர்ணத்தில் இருக்கிறதென்றால், 1937க்கு முன் வரைந்த கோடு அது. ஆகவே 200 வருஷம் என்ற பேச்சு ஒரு நாழிகையில் 12 வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. எந்த ஜோசியரையும் கூப்பிடவில்லை. எந்த மகானும் ஞான திருஷ்டியில் பார்க்கவில்லை.

இந்த விசாரணைக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, புதிய பெயரைத்தான் சாட்சியாகக் கொள்ள வேண்டும். பழைய பெயரை அவ்வளவு நம்பக்கூடாது. அச்சடிக்கிறவர்கள் பழைய படத்தைப் பார்த்தே புதுப் படம் போடுவதுண்டு. துருக்கியர் 1930ல் இஸ்தான்புல் என்று வழங்கச் சொன்ன பிறகும் கான்ஸ்டாண்டிநோபிள் என்ற பெயரை விடாதவர்கள் இருந்தார்கள். பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுத எவராலும் முடியாது. முன்னால் இருந்ததைப் பின்னால் எழுத எவராலும் முடியும்.

இரண்டாவது, ஒரு விஷயம் இல்லையென்பதைக் கொண்டு அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928ல் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950க்குப் பிறகுதான் மறுபடியும் போட்டார்கள். பிறகு அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில் 2023ல்தான் போடிக்குத் திரும்பி வந்தது. ஆகையால் ஒரு ஜில்லாப் படத்தில் போடிக்கு ரயில் கோடு இல்லையென்றால், அது 1928க்கு முந்தியதாகவும் இருக்கலாம், யுத்தகாலத்ததாகவும் இருக்கலாம். கோடு இருந்தால் அது 1928க்கு முந்தியதல்ல என்பது மாத்திரம் நிச்சயம்.

வேண்டுமென்றே செய்யும் மோசடியும் உண்டு. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையிடம் "வின்லாந்துப் படம்" என்று ஒன்று இருக்கின்றது. கொலம்பஸ் 1492ல் புறப்படுவதற்கு முன்பே, சுமார் 1440ல் வரைந்த படம் என்றும், அதில் அமெரிக்காவின் கரை காணப்படுகிறதென்றும் 1965ல் பிரசுரமாகிப் பெரிய ஆரவாரம் நடந்தது. சோதித்ததில் தோல் என்னவோ அந்தப் பழைய நூற்றாண்டுத் தோல்தான். ஆனால் எழுதிய மையில், 1920க்குப் பிறகே உபயோகத்துக்கு வந்த டைட்டானியச் சாயம் இருந்தது. போலிப் படம் என்று 2021ல் அந்தச் சர்வகலாசாலையே ஒப்புக்கொண்டுவிட்டது. தோல் பழையது, மை புதியது! வாசகர்கள் இந்த வாக்கியத்தை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

நிற்க, இனி நமது நாட்டுச் சரக்குக்கு வருவோம். பவிஷ்ய புராணம் என்று ஒன்றிருக்கிறது. வருங்காலத்தை வியாசர் முன்னமே சொல்லி வைத்தார் என்பது அதன் பெருமை. 1897ல் பம்பாயில் அச்சான அப்புத்தகத்தின் வயிற்றுக்குள்ளே அக்பர் பாதுஷா இருக்கிறார். வெள்ளைக்காரர் ஆட்சி இருக்கிறது. விக்டோரியா ராணியும் இருக்கிறாள். பக்தர்கள் இதைக் கண்டு "பார்த்தீர்களா ரிஷியின் மகிமையை" என்கிறார்கள். லெனின்கிராட் என்று போட்ட படத்தைக் காட்டி, 200 வருஷத்துக்கு முன்னமே லெனினை அறிந்த மகான் வரைந்தது என்று சொன்னால் சிரிக்க மாட்டோமா? அவ்வளவு தூரம் வருங்காலத்தைக் கண்டவர் 1947ல் வெள்ளைக்காரன் போகப்போவதைக் காணாமல் விக்டோரியாவோடு கண்ணை மூடிக்கொண்டதேன்? எழுதினவன் பேனா நின்ற இடத்தில் தீர்க்கதரிசனமும் நின்றுவிட்டது, அவ்வளவுதான்!

அதே போலத்தான் உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர் என்று ஏழு சமுத்திரங்களைப் போட்ட புராண பூகோளமும். முக்காலமும் உணர்ந்தவர்கள் வரைந்த அந்தப் படத்தில் அமெரிக்காவும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. நெய்ச் சமுத்திரத்தில் கப்பல் விட்டவனும் இல்லை.

இதைப் படித்துச் சந்தோஷப்படும் தோழர்களுக்கு ஒரு கசப்பான வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குப் பிடித்த பழமைக்கும் இதே பல் பரீட்சைதான். குமரிக் கண்டம் என்று இந்து மகா சமுத்திரம் முழுவதையும் நிலமாக்கி வரைந்த படங்களை நம்மவர்களே சுவரில் மாட்டுகிறார்கள். கடல் நிலத்தைக் கொண்டது என்ற செய்தி தமிழ் நூல்களில் உண்டு, அது வேறு. ஆனால் மடகாஸ்கர் வரையில் நீளும் அந்தக் கண்டம், 1864ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயப் பிராணி சாஸ்திரி, இங்கும் அங்கும் ஒரேவகைப் பிராணிகள் இருப்பதற்குக் காரணம் சொல்லக் கற்பித்த லெமூரியா. கண்டங்களே நகருகின்றன என்று நிச்சயமான பிறகு விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டார்கள். இந்தப் படத்திலும் தோல் பழையது, மை புதியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொள்ளுவதால் தமிழனுக்கு என்ன குறைந்துவிடும்? நமது மாவட்டத்து வருஷநாட்டு மலையிலே பிறக்கின்ற வைகை போகும் வழியில் கீழடி இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த கரித்துண்டைச் சோதனைக்கு அனுப்பி, கி.மு. 580 என்று வந்த கணக்கைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ல் வெளியிட்டது. நமக்கு வேண்டிய பெருமை அப்படிப்பட்ட பெருமை. எதிரியும் சோதித்துப் பார்க்கக்கூடிய பெருமை.

இவ்வளவும் படத்துக்காக மாத்திரம் சொல்லவில்லை. "ஆதிகாலம் முதல் இப்படித்தான்" என்ற ஒரே சொல்லைக் கொண்டுதான் இன்றைக்கும் ஒருவனைத் தெருவில் விடாமலும், சுடுகாட்டில் சேர்க்காமலும், பெண்ணை வாய் திறக்கவொட்டாமலும் வைத்திருக்கிறார்கள். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்களும் நாடார்களும் போகக்கூடாதென்பதும் ஆதிகாலத்து வழக்கமென்றுதான் சொன்னார்கள். 1939 ஜூலை மாதத்தில் உள்ளே போனார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆகையால் கிராமத்துத் தோழர்களே! இனிமேல் எவனாவது உங்களிடம் வந்து "இது பழைய வழக்கம்" என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். "எந்த வருஷம் முதல்? அத்தாட்சி எங்கே?" என்று மாத்திரம் கேளுங்கள். பதில் சொன்னால் பல்லைப் பிடித்துப் பாருங்கள். பழையது என்றே ருசுவானாலும், அது நியாயமா என்ற இரண்டாவது கேள்வியையும் விடாதீர்கள். கிழ மாடு என்பதற்காக எவனும் அதிக விலை கொடுப்பதில்லை அல்லவா?